கிழமை வேறு, தேதி வேறு

அந்த வீடியோவை இதுவரை பன்னிரண்டு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எது என்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். "இயேசு மரித்தது புதன்கிழமை, வெள்ளிக்கிழமை என்கிறவன் வேதத்தைத் திறந்தே பார்க்காதவன்" என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுகிறாரே, அதேதான். நானும் அதன் கீழே மரியாதையாக நாலு வரி எழுதினேன். பதிலுக்குக் கிடைத்த பட்டங்கள்: அரைகுறை, அவிசுவாசி, கூகுள் போதகர். கடைசிப் பட்டம் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

நான் எழுதியது இவ்வளவுதான். இயேசுவின் வாழ்க்கையை எழுதிய மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷக்காரர்களுக்கும் கிழமையில் சண்டையே இல்லை. நாலு பேரும் வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்கிறார்கள். வித்தியாசம் இருப்பது தேதியில். அதுவும் நம் தேதி இல்லை, யூதர்களின் நிசான் மாதத் தேதி.

மாற்கு 15:42ஐ எடுத்துப் பாருங்கள். "ஓய்வுநாளுக்கு முந்தின நாளாகிய ஆயத்தநாள்" என்று அவரே விளக்கமும் கொடுத்துவிடுகிறார். யூதர்களின் ஓய்வுநாள் சனிக்கிழமை. அங்கே ஆயத்தநாளுக்கு அவர் எழுதிய கிரேக்கச் சொல் பரஸ்கெவே. இன்றைக்கும் ஏதென்ஸில் வெள்ளிக்கிழமைக்கு அதுதான் பெயர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, தேதிக்கு வருவோம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகை பஸ்கா. நிசான் 14 பிற்பகலில் எருசலேம் ஆலயத்தில் அதற்கான ஆட்டுக்குட்டியை அடிப்பார்கள். சூரியன் மறைந்ததும் நிசான் 15 பிறந்துவிடும், அன்று இரவு பஸ்கா விருந்து. யூதர்களுக்கு நாள் பிறப்பது சாயங்காலம். இந்த ஒன்று மண்டையில் ஏறாமல் இந்த விஷயத்தைத் தொடவே கூடாது.

மாற்கு, மத்தேயு, லூக்கா மூவரிலும் வியாழன் பகலில் ஆட்டுக்குட்டி, வியாழன் இரவு இயேசு சீடர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது பஸ்கா விருந்தேதான். அப்படியானால் வெள்ளி நிசான் 15. யோவானிடம் வாருங்கள். வெள்ளி காலையில் இயேசுவை ரோம ஆளுநர் பிலாத்துவிடம் கூட்டிப்போன யூதர்கள் அரமனைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஏன்? தீட்டுப்பட்டால் பஸ்கா சாப்பிட முடியாது (18:28). அதாவது விருந்து இன்னும் நடக்கவே இல்லை. யோவானுக்கு அந்த வெள்ளி நிசான் 14. மறுநாள் சனிக்கிழமை ஓய்வுநாளும் பண்டிகை முதல் நாளும் ஒன்றாக வந்ததால்தான் அதைப் "பெரிய ஓய்வுநாள்" என்கிறார் (19:31). புதன்கிழமைக்காரர்கள் இந்த ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு, வியாழன் பண்டிகை ஓய்வுநாள், சனி வார ஓய்வுநாள், ஆக ஒரு வாரத்தில் இரண்டு ஓய்வுநாள் வந்தது என்று கணக்கை இழுத்துப் புதனில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

"இயேசு மூன்று நாள் இரவும் பகலும் பூமிக்குள் இருப்பார் என்று மத்தேயு 12:40இல் இருக்கிறதே, 72 மணி நேரம் எங்கே?" என்று பாய்வீர்கள். யூதர்கள் நாளின் ஒரு பகுதியையும் ஒரு நாளாக எண்ணுவார்கள். பழைய ஏற்பாட்டில் ராணி எஸ்தர் மூன்று நாள் அல்லும் பகலும் உபவாசம் இருக்கச் சொன்னாள், மூன்றாம் நாளே ராஜாவிடம் போய் நின்றாள். இயேசு உயிர்த்த அன்று எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன சீடர்கள் இருவரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் மூன்றாம் நாள் என்றார்கள். புதனிலிருந்து எண்ணினால் அது ஐந்தாம் நாள். எங்கள் தாத்தா ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் பாய் விரித்து, ஊர்க்காரர்கள் மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். 72 மணி நேரம் ஆகவில்லையே என்று ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பாட்டி பார்த்தது ஒன்றே ஒன்று, வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று.

இனி இரண்டாவது கூட்டம். இவர்கள் புதன்கிழமைக்காரர்கள் இல்லை, எனக்கு வேண்டியவர்கள். "வித்தியாசம் இருக்கிறது என்று ஏன் வெளியே சொல்கிறாய், பலவீனமான விசுவாசிகள் இடறிப்போவார்களே" என்று இன்பாக்ஸில் வந்து அழுகிறவர்கள். 2007ஆம் வருடப் பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) பிரசங்கத்தில் பாப்பரசர் 16ஆம் பெனடிக்டே இந்த வித்தியாசத்தை எடுத்துப் பேசினார். சாக்கடல் ஓரம் தனியாக வாழ்ந்த யூதக் குழுவான கும்ரான் சமூகத்தின் நாட்காட்டிப்படி இயேசு ஒருவேளை முன்னதாகவே பஸ்கா கொண்டாடியிருக்கலாம் என்றார். (போப்பைத் தூக்கிக்கொண்டு வராதே என்று சொல்ல ஒருவர் தயாராக இருப்பார், வணக்கம் ஐயா.) 1957இல் ஆனி ஜோபேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எழுதியதும் இந்தத் திசையில்தான். கும்ரானின் 364 நாள் நாட்காட்டியில் பஸ்கா ஒவ்வொரு வருடமும் ஒரே கிழமையில் வரும், அதன்படி கடைசி விருந்து செவ்வாய் இரவு என்பது அவர் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் வாக்கியத்துக்கு ஒரு தேதி, திருக்கணிதத்துக்கு ஒரு தேதி என்று இரண்டு பஞ்சாங்கம் வைத்திருக்கிற ஊரில் பிறந்த நமக்கு, ஒரே ஊரில் இரண்டு நாட்காட்டி இருந்திருக்கும் என்பதா நம்ப முடியாத விஷயம்?

நான் யோவான் பக்கம். சிலுவையில் இருந்த இயேசுவுக்கு ஈசோப்பு என்ற செடியின் தண்டில் காடியைத் தோய்த்துக் கொடுத்தார்கள் என்கிறார். யாத்திராகமத்தில் வாசல் நிலையில் ரத்தம் பூசியதும் ஈசோப்புக் கொத்தால்தான். எலும்பு முறிக்கவில்லை என்கிறார், அது பஸ்கா ஆட்டுக்குட்டிக்கான சட்டம். ஒன்பதாம் மணியிலிருந்து பதினோராம் மணிக்குள், அதாவது நம் மூன்றிலிருந்து ஐந்துக்குள், ஒரு பஸ்காவில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஆடுகள் அடிக்கப்பட்டன என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். எண்ணிக்கையை மிகைப்படுத்தியிருப்பார், மனிதருக்கு அந்தப் பழக்கம் உண்டு. பத்தில் ஒரு பங்கு என்றாலும் அந்தச் சத்தத்தை யோசித்துப் பாருங்கள். ஊருக்குள் அந்தச் சத்தம், மதிலுக்கு வெளியே சிலுவை. இயேசுவே பஸ்கா ஆட்டுக்குட்டி என்று காட்டத்தான் யோவான் நிசான் 14 என்கிறார். அதைச் சமாளித்துச் சமன்செய்து மாற்குவோடு ஒட்டவைத்தால், அவர் சொல்ல வந்ததை அவர் வாயிலிருந்தே பிடுங்கியது ஆகும். இதைச் சொன்னால் நான் அவிசுவாசி!

"நீ எந்த இறையியல் கல்லூரியில் படித்தாய்?" எங்கும் இல்லை. பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினான்கு வருடம் ஞாயிறு பள்ளி நடத்தினேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் விரல் விட்டு எண்ணி, "சார், வெள்ளி ராத்திரி ஒண்ணு, சனி ராத்திரி ஒண்ணு, மூணாவது ராத்திரி எங்க சார்?" என்று கேட்டான். சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகையில் கோடு போட்டு, நாள் சாயங்காலத்தில் பிறப்பதால் வெள்ளிப் பகல் அதற்கு முந்தின வியாழன் ராத்திரியோடு சேர்ந்து ஒரே நாள், அதில் கொஞ்சம் தொட்டாலும் முழு நாளாக எண்ணுவார்கள் என்று வரைந்து காட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அடுத்த மாதம் ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம் கேட்டேன், "பிள்ளைகளைக் குழப்புகிறீர்களாமே தம்பி" என்றார்கள். குழம்பிய பிள்ளை யார் என்று இன்றுவரை யாரும் காட்டவில்லை. சரி, அது பழைய கதை. ஆனால் பழையதாகவே இருக்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த வீடியோவில் யூத நாட்காட்டியைப் பற்றி ஒரு இளக்காரம், "பரிசேயன் கணக்கு" என்று (பரிசேயர் அன்றைய யூத மதப் பிரிவு ஒன்று). இயேசு வாழ்ந்ததே அந்தக் கணக்கில் ஐயா! பன்னிரண்டு வயதில் எருசலேமுக்குப் போனது பஸ்காவுக்கு. கடைசியாகப் போனதும் பஸ்காவுக்கு. அவருக்கு ஈஸ்டர் என்ற வார்த்தையே தெரியாது. நாம் ஈஸ்டரை வசந்தப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றில் வைத்திருப்பதும் அந்தப் பஸ்கா நிலாவின் மிச்சம்தான். எங்கள் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவள், பெரிய வியாழன் ஆராதனை முடிந்து வரப்பில் நடக்கும்போது டார்ச்சை அணைக்கச் சொல்வாள். "அவரு தோட்டத்துல ஜெபம் பண்ணுனப்போ இதே நெலாதான் மக்கா." நிசான் என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த வருடம் பௌர்ணமி ஏப்ரல் 2, சரியாகப் பெரிய வியாழனன்றே வந்தது. யூதர்கள் முந்தின நாள் மாலையே பஸ்கா தொடங்கியிருந்தார்கள். ஆராதனை முடிந்து வந்து போனைத் திறந்தால், பன்னிரண்டாவது ஆளாக அந்த ஆறாம் வகுப்புப் பையன். இப்போது கல்லூரியில் படிக்கிறான். அதே வீடியோ, கீழே ஒரு வரி: "சார், நீங்க போர்டுல போட்டது தப்பா?"

இல்லப்பா. அந்தக் கோட்டை மறுபடி ஒரு தாளில் போட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.