ஆறரைக்குப் பூட்டுகிற ஹாஸ்டலுக்கு ஃப்ளட்லைட் எதற்கு?

தனியார் பல்கலைக்கழகங்கள் நடத்துகிற கேம்பஸ் டூரை நினைத்தாலே வயிறு எரிகிறது. அட்மிஷன் சீசனில் பெற்றோரை பேட்டரி வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். பீட்சாவும் ஷவர்மாவும் விற்கிற ஃபுட் கோர்ட், நீச்சல் குளம், ஜிம், சின்தெடிக் கோர்ட், வானத்தைத் தொடுகிற ஃப்ளட்லைட் கம்பங்கள், கல்ச்சுரல்ஸ் நடக்கிற திறந்தவெளி அரங்கம். எல்லாம் காட்டி முடித்து அட்மிஷன் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு ஃபீஸ் அட்டையை நீட்டுகிறார்கள். அந்த வண்டி மெஸ் பக்கம் போகாது. பெண்கள் ஹாஸ்டல் கேட்டில் ஒட்டியிருக்கிற டைமிங் நோட்டீஸ் பக்கம் போகவே போகாது.

என் அக்கா மகள் சென்னைக்கு வெளியே ஒரு நிகர்நிலைப் பல்கலையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பள்ளியில் மாவட்ட அளவில் வாலிபால் ஆடியவள். டூரில் அந்த கோர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் இங்கேயே சேருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அக்காவும் மாமாவும் நகையை வைத்துச் சேர்த்தார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனபோது, "எங்கடி ஆடுற, காட்டு" என்றேன். கூட்டிப்போனாள். கோர்ட் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். அப்போதுதான் லைட் போட்டிருந்தார்கள். பையன்கள் நெட் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் போனை எடுத்து மணி பார்த்தாள். "ஆறரைக்கு பயோமெட்ரிக் வைக்கணும் சித்தி. வாங்க, கேட் வரைக்கும் பேசிக்கிட்டே போயிடலாம்."

வகுப்பு முடிய நாலரை. லேப் இருந்தால் ஐந்து. ஹாஸ்டலுக்கு நடந்து போய் உடை மாற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு வரவே ஐந்தரை ஆகிவிடும். ஆறே காலுக்குக் கிளம்பினால்தான் விரல் வைக்க முடியும். ஒரு செட் ஆடி முடிக்கலாம், அவ்வளவுதான். பையன்களுக்கு ஒன்பது மணி வரை கோர்ட் உண்டு, ஹாஸ்டலுக்குள் பத்துக்குப் போனாலும் கேட்க ஆளில்லை. இருட்டினால்தான் ஃப்ளட்லைட் போடுவார்கள். இருட்டுவதற்குள் பெண்கள் உள்ளே போய்விட வேண்டும். அந்த வெளிச்சத்தில் ஆட அவளுக்கு ஒரு நாள்கூட வாய்த்ததில்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் இரண்டு பேருக்கும் ஒன்றே. இதில் பெண்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி கிடையாது.

நீச்சல் குளம் பற்றிக் கேட்டேன். பெண்களுக்குக் காலை ஆறு முதல் ஏழு வரை, அதுவும் பெண் கோச் வந்தால்தான் என்றாள். அந்தப் பதவி இவள் சேர்ந்ததிலிருந்து காலி.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஃபுட் கோர்ட் பெரும்பாலும் விருந்தாளிகளுக்கும் கையில் காசு புழங்குகிற பிள்ளைகளுக்கும்தான். அங்கே ஒரு ஃப்ரைட் ரைஸ் விலையில் வெளியே இரண்டு பேர் சாப்பிடலாம். ஹாஸ்டல் பிள்ளைகள் முழு வருஷத்துக்கும் முன்பணமாக மெஸ் ஃபீஸ் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். எவர்சில்வர் வாளியில் சாம்பார், மேலே தெளிந்த தண்ணீர், அடியில் நாலு முள்ளங்கித் துண்டு. கரண்டியை விட்டுக் கலக்கிய பிறகும் பருப்பு கண்ணில் படவில்லை. சப்பாத்தியைப் பிய்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. இரவுச் சாப்பாடு ஏழிலிருந்து எட்டே காலுக்குள். பதினெட்டு வயசுப் பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு வரை படிக்கிறார்கள், பசிக்காதா? பையன்கள் கேட்டுக்குப் போய் ஸ்விக்கி பார்சல் வாங்கிக்கொள்ளலாம். பெண்களால் கேட் வரைக்கும் போக முடியாது. இவள் ரூமில் சின்ன எலக்ட்ரிக் கெட்டில் வைத்து நூடுல்ஸ் போட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். ரெய்டு வந்து கெட்டிலைப் பிடுங்கி ஐந்நூறு ரூபாய் ஃபைனும் போட்டார்கள். வயரிங் தாங்காது, தீப்பிடிக்கும் என்று காரணம் சொன்னார்களாம். சரி, நியாயம்தான். அப்படியென்றால் ஹாஸ்டலுக்குள்ளேயே இரவு பதினொன்று வரை பாலும் முட்டையும் பிரெட்டும் விற்கிற ஒரு சின்னக் கடைக்கு இடம் கொடுங்கள். அதற்கு என்ன கேடு?

இன்னொன்றையும் பார்த்தேன். உணவு விற்கிற இடத்தில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தைப் பார்வையில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். ஃபுட் கோர்ட்டில் ஒவ்வொரு கடையிலும் இருந்தது. மெஸ்ஸில் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். கேட்டதற்கு "கான்ட்ராக்டர் கிட்ட இருக்கும் மேடம்" என்றார் சூப்பர்வைசர். சேர்க்கப் போகிற பெற்றோரே, முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். ஃப்ளட்லைட்டை அப்புறம் பார்க்கலாம்.

வார்டனிடம் பேசினேன். அவரும் ஒரு சம்பளக்காரர், அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய. "எல்லாம் பொண்ணுங்க சேஃப்டிக்குத்தான் மேடம்" என்றார். இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நாடு முழுக்க ஹாஸ்டல் கேட்டுகளைப் பூட்டுகிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கு விதி வகுக்கிற யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விதிகளை 2016 மே மாதம் அரசிதழில் வெளியிட்டார்கள். மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் ஹாஸ்டலில் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் கண்காணிப்பும் நடமாட்டத்தை முடக்குவதும் கூடாது என்றும் இருக்கிறது. மழுப்பலே இல்லை. அந்த விதிக்குக் கட்டுப்பட்ட ஒரு நிறுவனம் பெண்ணுக்கு ஆறரை, பையனுக்குப் பத்து என்று நோட்டீஸ் அடித்து, முத்திரை குத்தி, கேட்டில் ஒட்டி வைத்திருக்கிறது!

இது என் ஒருத்தியின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2015-ல் டெல்லி மாணவிகள் பிஞ்ச்ரா தோட், அதாவது 'கூண்டை உடை' என்று, ஹாஸ்டல் கட்டுப்பாடுகளுக்கு எதிராக இயக்கமாகவே திரண்டார்கள். 2022-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் ஒன்பதரை மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் வரை போனார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்டி வைக்கிறீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. மருத்துவக் கல்லூரி ஹாஸ்டல்களில் இருபாலருக்கும் ஒரே நேரம் என்று அந்த டிசம்பரிலேயே அரசாணை வந்தது. அங்கே ஒன்பதரைக்கே வழக்குப் போட்டார்கள். இங்கே ஆறரையைப் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை.

2025 நவம்பர் 2-ஐ மட்டும் என்னால் மறக்க முடியாது. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம், அதுவும் ஒரு கல்வி நிறுவன வளாகத்து மைதானம்தான். ஹர்மன்பிரீத் தலைமையிலான இந்தியக் கிரிக்கெட் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று முதல் முறையாகப் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கியது. மழையால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கி, முடிய நள்ளிரவாகிவிட்டது. அன்றைக்கு எங்கள் பிள்ளையின் ஹாஸ்டலில் காமன் ரூம் டிவியைப் பத்து மணிக்கு அணைத்துவிட்டார்கள். விதியாம். தென்னாப்பிரிக்கா துரத்திக்கொண்டிருக்கிறது, தீப்தி ஷர்மா பந்து போடுகிறார், வாலிபால் ஆடுகிற இந்தப் பிள்ளைகள் போர்வைக்குள் போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பையன்கள் ஹாஸ்டலில் புரொஜெக்டர் வைத்துப் பெரிய திரையில் காட்டியிருக்கிறார்கள். விக்கெட் விழும்போதெல்லாம் அங்கிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம் என்றாள். பெண்கள் உலகக் கோப்பை வென்றதைப் பையன்கள் போட்ட கூச்சலில் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமையில் நம் பெண்களை வைத்திருக்கிறோம். சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. மறுநாளே அந்தப் பல்கலை தன் இன்ஸ்டாகிராமில் இந்திய அணிக்கு வாழ்த்துப் போஸ்டர் போட்டிருந்தது.

ராத்திரி வெளியே விட்டால் கெட்டுப்போவார்கள் என்று சொல்பவர்களுக்கு: ராத்திரி என்றால் குடியும் கூத்தும் மட்டும்தானா? சென்னை ஐஐடியில் திறந்தவெளி அரங்கத்தில் சனிக்கிழமை இரவுப் படம் என்பது பல பேட்ச்களின் நினைவு. டெல்லி ஜே.என்.யூ. பல்கலை வளாகத்தின் கங்கா தாபா டீக்கடையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை ஆணும் பெண்ணுமாக வாதாடியவர்கள் இன்று பேராசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். படிப்பில் பாதி அந்தப் பேச்சில்தான் நடக்கிறது. லைப்ரரியில் பத்து மணி வரை உட்காருவதும் ராத்திரிதான். ப்ராஜெக்டுக்காக லேபில் இருப்பதும் ராத்திரிதான். இவளுடைய டீமில் மூன்று பையன்கள், இவள் ஒருத்தி. ஆறரைக்கு மேல் அவர்கள் லேபில் வேலை செய்கிறார்கள், இவள் வாட்ஸ்அப்பில் கெஞ்சுகிறாள். மார்க் குறைந்தால் யார் பொறுப்பு?

பெற்றோர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதைக் கிளப்பியதும் ஒரு அண்ணன், "ஆறு மணியாக்கினாலும் நல்லதுதான்மா" என்று போட்டார். அவர் மகனும் அதே வளாகத்தில்தான் படிக்கிறான், ஒன்பது மணி வரை கிரிக்கெட் ஆடுகிறான். "உங்க பையனையும் ஆறுக்குப் பூட்டச் சொல்லட்டுமா அண்ணா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. வளாகத்துக்குள் பாதுகாப்பு இல்லையென்றால் விளக்குப் போடுங்கள், பெண் காவலர்களை நிறுத்துங்கள், தொல்லை கொடுத்தவனை வெளியே அனுப்புங்கள். இதற்கெல்லாம் செலவு ஆகும். பெண்ணைப் பூட்டி வைக்க ஒரு பூட்டு போதும். நிர்வாகம் அதைத்தான் வாங்கியிருக்கிறது.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். அக்காவுக்குப் பேசப் பயம், இன்டர்னல் மார்க்கில் கைவைப்பார்களோ என்று. அதனால் நான் போகிறேன். யு.ஜி.சி. விதியை அச்செடுத்து வைத்திருக்கிறேன். டைமிங் நோட்டீஸைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு ஹாஸ்டலுக்கும் ஒரே நேரம், கோர்ட்டில் பெண்களுக்கு ஏழிலிருந்து ஒன்பது, மெஸ்ஸில் உரிமம் மாட்ட வேண்டும், இரவு பதினொன்று வரை உள்ளேயே ஒரு கடை. மனுவில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். பதினான்கு பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் பதினோரு பேர் அம்மாக்கள். வாயால் சொல்கிற சமாதானம் எனக்கு வேண்டாம், எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் அதே மனு யு.ஜி.சி.க்குப் போகும். அந்தப் பல்கலையில் பிள்ளை படிக்கிற வேறு யாராவது இதைப் படித்தால், கூட்டத்துக்கு வாருங்கள்.