தேனீப் பெட்டி வாங்குவதற்கு முன்

'தேனீக்களைக் காப்பாற்றுகிறேன்' என்று இங்கே மினசோட்டாவில் தெரிந்தவர்கள் சிலர் தேனீப் பெட்டி வாங்குகிறார்கள். தேன் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கட்டும். ஆனால் அமெரிக்காவில் பெட்டியில் வளர்க்கும் தேனீ என்பது ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுவந்த வளர்ப்பு இனம். பூ குறைவான இடத்தில் பெட்டியை வைத்தால், இருக்கிற கொஞ்சத்துக்கும் போட்டிதான்.

திண்டாடுவது யாரும் வளர்க்காமல் தானாக வாழும் பம்பிள் பீக்கள், அதாவது உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த குண்டுத் தேனீக்கள். 'ரஸ்ட்டி பேட்ச்டு' என்று ஒரு இனம், முதுகில் துரு நிறத் திட்டோடு இருக்கும். முன்பு வாழ்ந்த பரப்பில் சுமார் 87 சதவீதத்தை இழந்த பிறகு, 2017ல்தான் அதை அருகிவரும் உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். 2019ல் எங்கள் மாநிலத் தேனீயாகவும் அறிவித்தார்கள். பட்டம் கொடுப்பதில் எந்த அரசும் குறை வைப்பதில்லை! ஆனால் புல்தரையை எடுத்துவிட்டுப் பூச்செடி வைக்கிற வீடுகளுக்குச் செலவில் ஒரு பங்கை அரசு தரும் திட்டமும் அதே ஆண்டு வந்தது. அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

தக்காளி போட்டிருப்பவர்கள் காலையில் செடி பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். பம்பிள் பீ பூவைத் தலைகீழாகக் கவ்விக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். 'ஙீஈ' என்று ஒரு சத்தம், மகரந்தம் பொலபொலவென்று வயிற்றில் கொட்டும். அது போன பிறகு பூவின் நடுவிலுள்ள மஞ்சள் கூம்பில் பழுப்பாகக் கடித்த தடம் தெரியும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது.

இலையுதிர் காலத்தின் முடிவில் பம்பிள் பீயின் கூடே செத்துப்போகும். கருவுற்ற இளம் ராணிகள் மட்டும் சருகுக்கடியிலோ, மண்ணில் சில அங்குல ஆழத்திலோ ஒவ்வொன்றும் தனியாகப் பனிக்காலத்தைக் கழிக்கும். வசந்தத்தில் எழுந்து, எலி விட்டுப்போன பொந்து மாதிரி ஏதாவது ஒன்றில் அடுத்த கூட்டைத் தொடங்கும். அந்த ஒரு ராணி செத்தால் ஒரு கூடே போச்சு.

வாசலில் சருகு கிடந்தால் நமக்குக் கை பரபரக்கும், தெரியும். முன்பக்கத்தைப் பெருக்கிக்கொள்ளுங்கள், பின்பக்க வேலியோரத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், நர்சரியில் செடி வாங்கும்போது தேனீக்களைப் பாதிக்கும் நியோனிகோட்டினாய்டு பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேளுங்கள். இலையுதிர் காலத்தில் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ராட் செடி தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள். ராணிகள் பனிக்காலத்துக்குக் கொழுப்பு சேர்ப்பது அந்தக் கடைசிப் பூக்களில்தான். தும்மலுக்குக் காரணம் அதே சமயத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களைச்செடி. பழி மட்டும் பளிச்சென்று தெரியும் கோல்டன்ராட் மேல்.