எந்த 58 என்று, வங்கிக்காக வீட்டை மதிப்பிட வந்த இன்ஜினியர் எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

சென்னை தண்டையார்பேட்டையில் நான் வாங்கவிருக்கும் வீடு மாவு மில்லாம், அதனால் வீட்டுக்கடன் கிடையாதாம். இன்று காலை வங்கிக் கிளையில் கடன் பிரிவு அதிகாரி மதிப்பீட்டு அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்து, "கமர்ஷியல்னு இன்ஜினியர் எழுதியிருக்கார் சார், இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று என்னையே குற்றம் சொன்னபோது வந்த ஆத்திரம் இதை எழுதும் நேரம் வரை அடங்கவில்லை. அறிக்கையில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும், பாதி ஏற்றிய ஷட்டரும், வாசலில் வரிசையாக வைத்த தூக்குகளும், ஷட்டருக்கு மேலே நீலப் பெயிண்டில் எழுதிய "ப.எண் 58", அதாவது பழைய எண் 58, என்பதும் பளிச்சென்று தெரிகின்றன. நான் வாங்குவது புதிய எண் 58. அதன் பழைய எண் 27 என்று என் விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதால், ஒரே தெருவில் பழைய 58 ஒரு கோடியிலும் புதிய 58 இன்னொரு கோடியிலும் இருக்கும் என்பது இந்த ஊரில் தண்ணீர் கேன் போடுகிறவருக்குத் தெரியும், கூரியர் கொண்டுவரும் பையனுக்குத் தெரியும். ஒரு குடும்பத்தின் கடனை முடிவு செய்யும் அறிக்கையை எழுத வருகிறவருக்கு அது தெரியாமல் போவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புகைப்படத்தின் நகலோடு நேராக அந்த மில்லுக்குப் போனேன். நடந்ததை மில்காரர்தான் சொன்னார். வேகாத வெயிலில் ஒருவர் பைக்கில் வந்திருக்கிறார்; ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. எதிர்ப்புறம் நின்று படம் எடுத்துவிட்டு, கையிலிருந்த லேசர் கருவியை ஷட்டருக்குக் குறுக்கே பிடித்து அளந்திருக்கிறார். "யாருப்பா நீ, எதுக்கு அளக்குற?" என்று இவர் கேட்க, "பேங்க்ல இருந்து வரேன்" என்ற ஒற்றைப் பதிலோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மில்காரருக்கு இயந்திரம் வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது. ஜப்திக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்து, "அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கலை தம்பி" என்று அவர் சொன்னபோது அவர் மனைவி உள்ளேயிருந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வந்த இன்ஜினியர் பெயர் கேட்டாரா, இந்த வீடு விற்பனைக்கா என்று கேட்டாரா, பத்திரத்தை எடுத்துப் பார்த்தாரா என்றால், ஒன்றுமே இல்லை. அவரிடம் கொடுத்த தாளில் என் கைபேசி எண் இருந்தது. "கால் பண்ணினோம், எடுக்கலை" என்கிறார்கள் வங்கியில். அப்படி ஓர் அழைப்பு வந்த தடமே என் போனில் இல்லை.

வங்கியில் நான் கொடுத்த கோப்பில் கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், 1975 முதலான வில்லங்கச் சான்று, பிளாக் எண்ணும் டி.எஸ். எண்ணும் (நகர நில அளவை எண்) உள்ள நில அளவைப் பதிவேட்டு நகல், கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண் எல்லாம் இருந்தன. அவற்றில் வங்கிக் கிளையார் இன்ஜினியருக்கு அனுப்பியது வரி ரசீது என்ற ஒரே ஒரு பக்கத்தை. சொத்து விவரம் எழுதிய பத்திரப் பக்கம் ஒன்று கூடப் போயிருந்தாலே போதும். வடக்கே கோயில் மனை என்று அதில் தெளிவாக இருக்கிறது, மில்லுக்கு வடக்கே இருப்பதோ மரவாடி. நாலு எல்லையைச் சரிபார்க்காமல் மதிப்பீடு என்று ஒன்று உண்டா? மனையின் மதிப்பு, கட்டடத்தின் பரப்பு, வயதுக்கான தேய்மானம், அனுமதி வரைபடத்தை மீறிக் கட்டியிருக்கிறதா என்ற சோதனை எல்லாமே சரியான வாசலில் நின்ற பிறகுதானே தொடங்க வேண்டும்?

கேட்டால், மதிப்பீட்டாளரான இன்ஜினியரோடு கடன்தாரர் பேசக் கூடாது, அவர் சுதந்திரமாக இயங்க வேண்டும் என்கிறார்கள். சுதந்திரமான மதிப்பீட்டாளர் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அதை நானும் மதிக்கிறேன். விலையைக் கூட்டிப் போடு என்று நான் கேட்டால்தான் தப்பு. எந்த வீடு, யார் சாவி வைத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று பேசுவதில் என்ன சுதந்திரம் கெட்டுவிடும்? அந்த வீட்டில் கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம், மொட்டைமாடிச் சாவி உரிமையாளரிடம். வருகிற நேரத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் எல்லாக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு நானே தெருமுனையில் நின்றிருப்பேன். வேலை ஒரே வருகையில் முடிந்திருக்கும். தாமதம் அளப்பதில் இல்லை, காகிதத்தைச் சேர்த்து அனுப்பாததிலும் சொல்லாமல் வந்து போவதிலும்தான் இருக்கிறது.

இங்கே அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டவனுக்குத்தான் கெடுவின் அருமை தெரியும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் வங்கி மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கைக்காசு. அதற்கெல்லாம் பணம் புரட்டி வைத்துக்கொண்டு, இன்னும் வராத சரியான அறிக்கைக்காக நாங்கள் காத்திருக்க, கெடு நெருங்கிக்கொண்டே வருகிறது. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து இந்தப் பக்கம் மனை கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வீட்டுக்காரப் பெரியவர், "தம்பி, உங்களுக்காகத்தான் மத்தவங்களைத் திருப்பி அனுப்பறேன்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மறுபடியும் இன்ஜினியர் வர வேண்டுமானால் மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும் என்று அந்த அதிகாரி கடைசியாகச் சொன்னார். கட்ட மாட்டேன், தவறான வீட்டை அளந்தது உங்கள் ஆள், திருத்திய அறிக்கையை உங்கள் செலவில் இந்த வாரத்துக்குள் வாங்கித் தர வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதி, இரண்டு எண்களையும் நாலு எல்லைகளையும் கொட்டை எழுத்தில் குறித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.