ஒரே ஒரு குழாய்

பாரிஸ் போய் வந்து இரண்டு வாரமாகிறது. படங்கள் எங்கே என்று இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். போடுகிறேன். அதற்கு முன் நெஞ்சில் கிடப்பதை இறக்கி வைத்துவிட வேண்டும்.

மொன்மார்த் குன்றுக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கியிருந்தேன். உச்சியில் இருக்கும் வெள்ளைத் தேவாலயத்தையும், ஓவியர்கள் வருகிறவர்களை உட்காரவைத்து முகம் வரையும் சதுக்கத்தையும் பார்த்தேன். கூட்டம் நெருக்கியடித்தது, நிற்க முடியவில்லை. என்னை நிற்க வைத்தது கீழே சரிவில் இருக்கும் ஒரு சாதாரண வாசல். பத்தோ லவுவார். சலவைப் படகு என்று பொருள். 1904 முதல் 1909 வரை பிக்காசோ அங்கேதான் குடியிருந்தார். உலக ஓவியத்தின் போக்கையே மாற்றிய ஒரு படத்தை 1907இல் அங்கேதான் வரைந்தார். அது மரப்பலகைகளால் ஆன ஒழுகல் கட்டடம். குளிரில் உறையும், கோடையில் வேகும். அத்தனை குடிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்க் குழாய்.

அதைப் படித்ததும் என் கண்முன் வந்தது எங்கள் ரப்பர் தோட்டத்துக் குழாயடி. பாட்டி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வாளியை வரிசையில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். ஒரு லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் ஒரு வரிசை வீடுகளுக்கு, ஒரு குழாய். அந்த வரிசையில்தான் கல்யாணம் பேசினார்கள், சண்டை போட்டார்கள், செத்தவர்களுக்கு அழுதார்கள்.

பத்தோ லவுவார் 1970இல் தீப்பிடித்து எரிந்துவிட்டது. முகப்புதான் மிஞ்சியது. 1978இல் மறுபடியும் கட்டி, அங்கே வாழ்ந்தவர்களின் கதையை வாசலருகே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். எங்கள் லயம் எரியவில்லை. பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தபோது ஒரே காலையில் இயந்திரம் கொண்டு இடித்துத் தள்ளினார்கள். இன்று அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாமரம்தான் அடையாளம்.

அங்கே இருந்தவர்கள் பெரிய ஓவியர்கள், நம்மவர்கள் கூலிகள் என்று ஒருவர் சொல்லக்கூடும். அவருக்குச் சூசான் வலதோனைச் சொல்கிறேன். துணி வெளுத்துப் பிழைத்த ஒரு தாயின் மகள். சர்க்கஸில் வித்தை காட்டி, விழுந்து அடிபட்டு, பிறகு ஓவியர்களுக்கு மாடலாக நின்று, நின்ற இடத்திலிருந்தே பார்த்துப் பார்த்து வரையக் கற்றுக்கொண்டவர். கொர்தோ தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அவருடைய ஓவியக்கூடத்தை அப்படியே மீட்டமைத்திருக்கிறார்கள். அந்த அறையில் வெகுநேரம் நின்றேன். எங்கள் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் மாரியம்மன் தேரை வரைந்த அக்கா ஒருவர் இருந்தார். பதின்மூன்று வயதில் அவர் கையில் பால்மரம் சீவும் உளியைக் கொடுத்தார்கள். அந்தச் சுவரும் இல்லை.

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பழைமையானது என்று நினைத்தேன். இல்லை, 1933இல் நட்டது. அந்த இடத்தில் கட்டடம் எழும்ப இருந்தது. புல்போ என்ற ஓவியரும் குடியிருந்தவர்களும் எதிர்த்து நின்றார்கள், கொடிகள் நடப்பட்டன. இன்றும் ஆண்டுதோறும் அக்டோபரில் அறுவடை விழா நடக்கிறது. அந்தப் பகல் முழுவதிலும் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். முதலில் தடுத்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள்.

நம்மிடம் அந்த வலு இருந்ததில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் சீவியவர்கள் தங்கள் சம்பளக் காசைப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர் நம் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். நிலத்தை வாங்கத் தெரிந்த நமக்கு ஒரு லயத்தைக் காப்பாற்றத் தோன்றவில்லை. காரணம் பணம் இல்லை, வெட்கம். லயத்தில் பிறந்ததைப் பிள்ளைகளிடம் மறைக்கிறோம். நானும் கல்லூரியில் மறைத்திருக்கிறேன். இன்று நினைத்தால் பாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாதது போல இருக்கிறது.

பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது. வேலி போட்டு, பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். நல்லது, பாதுகாக்கட்டும். அந்த இனத்து மரங்களை இருட்டில் நெற்றி விளக்கோடு சீவியவர்களுக்கும் ஒரு பலகை வேண்டும் என்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் இன்னும் ஒரு லயம் மிஞ்சியிருக்கிறது. ஆறு வீடுகள். தகரம் துருப்பிடித்துவிட்டது, பலகைச் சுவர் நிற்கிறது, குழாயடிச் சிமெண்டுத் தளமும் அப்படியே இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே போய் அளவெடுத்துப் படம் பிடிக்கப் போகிறேன். அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள் வாருங்கள். வர முடியாதவர்கள் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். பால் பிடிக்கும் மங்கு, உளி, பழைய சம்பளச் சீட்டு, பெரட்டில் எடுத்த படம் எது இருந்தாலும் வீசிவிடாதீர்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.