ஏ.ஆர்.டி. எடுத்தாலும் காசநோய் வரலாம்

"ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கும் மருந்துகள்) மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, சிடி4 (ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை) 500-ஐத் தாண்டிவிட்டால் ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் பயமே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ஏ.ஆர்.டி. அந்த ஆபத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, பெரிய விஷயம்தான். ஆனால் மிச்சம் இருக்கிறதே! சிடி4 நன்றாக இருந்தாலும் ஹெச்.ஐ.வி. இல்லாதவரைவிட ஆபத்து கூடுதல்தான். அதனால்தான் சிடி4 எவ்வளவு இருந்தாலும், காசநோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் ஐசோனியசிட் 6 மாதம், அல்லது அதோடு ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒருமுறை 3 மாதம். (ரிஃபாபென்டின் சில ஏ.ஆர்.டி. மருந்துகளோடு ஒத்துப்போகாது, டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.)

அப்புறம், "இரண்டு வாரம் இருமினால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதும் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பொருந்தாது. இருமல் நேற்றுத்தான் தொடங்கியது என்றாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், எடை குறைவு, இரவில் சட்டை நனைகிற வியர்வை, எது இருந்தாலும் அப்படித்தான். நுண்ணோக்கியில் சளியைப் பார்த்து 'கிருமி இல்லை' என்று வந்தால்கூட நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களின் சளியில் கிருமி குறைவாகவே இருக்கும், அந்தச் சோதனைக்கு அது பல நேரம் தட்டுப்படாது. மூலக்கூறு பரிசோதனை (சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கேளுங்கள்.