பெயர் சொல்லாமல் கொடுத்த மாத்திரை

எனக்கு முடக்கு வாதம் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. என் மாமியார் தலைமுறையினர் சரவாங்கி என்று சொல்கிற அதே நோய்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டுகளையே தாக்குவதால் வருவது, ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிப்பது, காலையில் எழுந்தால் விரல் மடங்குவதற்கே ஒரு மணி நேரம் காத்திருக்க வைப்பது. புதன்கிழமை இரவு மெத்தோட்ரெக்சேட், வியாழன் முழுக்கக் குமட்டல், வெள்ளிக்கிழமை ஃபோலிக் ஆசிட், அன்றாடம் ஹைட்ராக்சிகுளோரோகுயின், அது கண்ணைப் பாதிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க ஆண்டுக்கொரு முறை கண் டாக்டர் என்று என் நாட்காட்டியே மாத்திரைகளை வைத்துத்தான் ஓடுகிறது. இவற்றைப் பற்றிக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டால்கூடக் கூசாமல் சொல்லிவிடுவேன். ஆனால் மூன்று ஆண்டுகளாகத் தினமும் காலையில் இவற்றோடு சேர்த்து விழுங்கும் டுலாக்செட்டின் கேப்ஸ்யூலைப் பற்றி வீட்டுக்கு வெளியே நான் வாய் திறந்ததில்லை. அது மனச்சோர்வுக்கான மருந்து.

அந்த மருந்து என் கைக்கு வந்தது அது முதல் முறையல்ல. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, ரத்தப் பரிசோதனையில் அழற்சி அளவுகள் எல்லாம் இறங்கி, மூட்டு வீக்கமும் வற்றிய பிறகும் வலி மட்டும் போகாமல் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தபோது, அப்போது நான் பார்த்துவந்த மருத்துவர், "நரம்புக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கேம்மா, சாப்பிடுங்க, வலி குறையும்" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு குரலைத் தாழ்த்தி, "இது யாருக்குக்கா?" என்று கேட்டான். மற்ற அட்டைகளை எல்லாம் அப்படியே பையில் போட்டவன் அந்த ஒரு அட்டையை மட்டும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். அன்றிரவு கைப்பேசியில் தேடிப் பார்த்தபோது முதல் வரியிலேயே மனச்சோர்வு என்றிருந்தது. என் வலியை டாக்டர் நம்பவில்லை, எல்லாம் மனப்பிரமை என்று முடிவு கட்டிவிட்டார், அதை என் முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் நரம்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்றே நான் புரிந்துகொண்டேன். மூன்று வாரம் சாப்பிட்டு, கோபத்தில் ஒரே நாளில் நிறுத்தினேன்.

நிறுத்திய மூன்றாம் நாள் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பக்கம் தலையைத் திருப்பியபோது, பழுதான சுவிட்சில் விரல் பட்டதுபோல மண்டைக்குள் ஒரு நொடி சுரீரென்றது. திரும்பும்போதெல்லாம் அது வந்தது. கூடவே தலைசுற்றல், காரணமில்லாத அழுகை. நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று பயந்து ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் இப்படி ஆகும், மருத்துவர் சொல்கிறபடி சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்ன மருந்து என்றே சொல்லாமல் கொடுக்கும்போது அதை எப்படி நிறுத்துவது என்று மட்டும் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

இத்தனைக்கும் அவர் எழுதியது தவறான மருந்தல்ல. வலியை அடக்க மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் ஒரு பாதை உண்டு. அதில் வேலை செய்யும் செரட்டோனின், நார் அட்ரினலின் என்ற வேதிப்பொருட்கள்தான் மனநிலையோடும் தொடர்புடையவை. அவ்விரண்டையும் கூட்டித் தரும் டுலாக்செட்டினுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004ஆம் ஆண்டில் மனச்சோர்வுக்கும் சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கும் அனுமதி கொடுத்தது. நாள்பட்ட மூட்டு, தசை வலிக்கு 2010இல் கொடுத்தது. வலி பொய்யென்று நினைத்து யாரும் இதைக் கொடுப்பதில்லை. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். மாலை ஆறு மணிக்கு வெளியே அறுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது அந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வரும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதற்கு நேரம் மட்டும் காரணமல்ல. பெயரைச் சொன்னால் இந்த அம்மா சாப்பிட மாட்டார் என்று நினைத்திருப்பார். அப்படி நினைக்கவும் இடமிருக்கிறது. 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதற்காகக் கீழ்ப்பாக்கம் என்கிற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறவர்கள் நாம்தானே.

நிஜமான மனச்சோர்வு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. நாள்பட்ட நோயாளிக்கு அது வந்திருப்பதைக் கண்டுபிடிப்பதே கடினம். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் பட்டியலில் தூக்கம் கெடுகிறதா, அசதியாக இருக்கிறதா, பசி குறைந்துவிட்டதா என்று கேட்பார்கள். பதினோரு ஆண்டுகளில் இவற்றுக்கு இல்லை என்று நான் பதில் சொல்லக்கூடிய வாரம் ஒன்றுகூட இருந்திருக்காது. இதற்காகவே உடல் அறிகுறிகளை விலக்கிவிட்டு மனநிலையை மட்டும் கேட்கும் ஒரு கேள்விப் பட்டியலை 1983இல் இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் உருவாக்கினார்கள். எனக்குக் காட்டிக்கொடுத்தது எந்தப் பட்டியலும் அல்ல. என் மகள் மாவட்ட அளவிலான போட்டியில் பரிசு வாங்கிவந்து சான்றிதழை என் மடியில் வைத்தாள். யாரோ எதிர்வீட்டுப் பிள்ளையின் சேதியைக் கேட்பதுபோல "சரிம்மா" என்றேன். வலித்துக்கொண்டிருந்த நாட்களில்கூட நான் அப்படிச் சொன்னவளில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இதில் தமிழ் வேறு காலை வாரிவிட்டது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் வேலைப் பளுவையும் மன அழுத்தம் என்கின்றன, படுக்கையை விட்டு எழ விடாத நோயையும் மன அழுத்தம் என்கின்றன. மனச்சோர்வு என்ற தனிச்சொல் இருந்தும் அது புழங்குவதில்லை. ஆகவே நான் மன அழுத்தம் என்று சொன்னபோதெல்லாம், எதிரில் இருந்தவர்கள் அவரவர் அலுவலக அழுத்தத்தை நினைத்துக்கொண்டு, ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்வா என்றார்கள். போய்வந்தேன். ஒரு நாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தேன். மறுமுனையில் தமிழில் பேசிய பெண், மனநல மருத்துவரை நேரில் பார்த்துவிடுங்கள் என்று சொன்னதோடு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை எழுதி எடுத்துப் போகச் சொன்னார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு புதிய மருத்துவர் அரை மணி நேரம் பேசினார். மெத்தோட்ரெக்சேட் ஏற்கெனவே கல்லீரலுக்குச் சுமை என்பதால் முதலில் கல்லீரல் பரிசோதனை எழுதினார். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் வலி மாத்திரை உண்டா என்று கேட்டார். உண்டு. அதையும் இப்போது எழுதப்போகும் மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும் என்றார். டிராமடால் என்ற வலி மருந்தை யாராவது எழுதினால் இதைச் சாப்பிடுவதாகச் சொல்லிவிட வேண்டும் என்று சீட்டின் மேலேயே எழுதிக் கொடுத்தார். பிறகு, "இது மனச்சோர்வு மருந்து. உங்களுக்கு வலியும் இருக்கு, மனச்சோர்வும் இருக்கு, ரெண்டுமே நிஜம்" என்று சொன்னார். பெட்டியைத் திறந்தால், ஏழு ஆண்டுகளுக்கு முன் செய்தித்தாளில் சுற்றித் தந்த அதே டுலாக்செட்டின்.

குமட்டல் முதலில் வந்தது, குணம் பின்னால் வந்தது. முதல் பத்து நாட்கள் வியாழக்கிழமைக் குமட்டல் எல்லாக் கிழமைக்கும் பரவியது. சரியாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மட்டுமே தாக்குப்பிடித்தேன். ஐந்தாவது வாரம், பேசிய கூலிக்கு மேல் இருபது ரூபாய் கேட்ட ஆட்டோக்காரரிடம் தெருவே கேட்கும்படி சண்டை போட்டேன். உள்ளேயிருந்து வந்த என் கணவர் சிரித்துவிட்டார். எட்டு மாதமாக நான் யாரிடமும் எதற்கும் சண்டை போட்டிருக்கவில்லை. வலி அதன்பின் பாதியாகவெல்லாம் ஆகிவிடவில்லை, கொஞ்சம் விலகி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கேட்டது எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சொல்லவரவில்லை. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு, 522 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடப் பலன் தருகின்றன என்றது; அந்தப் பலன் சராசரியில் பெரிதல்ல என்பதும் அதிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, டயாலிசிஸ் கட்டத்துக்கு வராத சிறுநீரக நோயாளிகள் 201 பேரிடம் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது வெற்று மாத்திரையை அது வெல்லவில்லை. இதய பலவீனம் உள்ளவர்களிடமும் அப்படியே ஆனது. நோய்க்கு நோய், ஆளுக்கு ஆள் மாறும் விஷயம் இது. அதனால்தான் மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல் பின்தொடர்ந்து விசாரிக்க ஆள் வேண்டும் என்கிறேன். சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் மனச்சோர்வும் இருந்த 404 பேரைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ஆய்வில், மருத்துவரல்லாத ஒரு பணியாளர் விடாமல் தொடர்புகொண்டு மனதையும் சர்க்கரையையும் சேர்த்தே கவனித்துவந்த பிரிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது சீரானவர்கள் இரண்டாண்டு முடிவில் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் அது 57.4 சதவீதம். வித்தியாசத்தைக் கொண்டுவந்தது புது மருந்து எதுவுமல்ல, விசாரித்த ஆள்.

அடிமையாகிவிடுவாய் என்று வீட்டில் சொல்லாதவர் இல்லை. வாழ்நாள் முழுக்க மெத்தோட்ரெக்சேட் சாப்பிடப் போகிறவளிடம் அதைப் பற்றி இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. மனச்சோர்வு மருந்துகளின் கதையே நாள்பட்ட நோயாளிகளிடமிருந்துதான் தொடங்கியது என்பதை அவர்களுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, சோர்ந்து கிடந்தவர்கள் உற்சாகமாகி எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். 1957இல் அதே மருந்து மனச்சோர்வுக்குத் தரப்பட்டது. பின்னர் கல்லீரலைக் கெடுத்ததால் அதை விலக்கிக்கொண்டார்கள் என்பதையும் மறைக்காமல்தான் சொல்வேன். கேட்டுவிட்டு, "எதுக்கும் சீக்கிரம் விட்டுரு" என்பார்கள்.

அப்படிச் சொல்பவர்களில் முதலாமவர் என் மாமியார். அவருக்கு இருபது ஆண்டுச் சர்க்கரை, உள்ளங்கால் எரிச்சல். போன மாதம் அவருடைய மாத்திரைகளை வாரத்துக்குப் பிரித்து வைக்கும்போது, இரவுக்கான சின்ன மாத்திரையின் அட்டையை முதன்முறையாகப் படித்துப் பார்த்தேன். அமிட்ரிப்டிலின், பத்து மில்லிகிராம். ஆறு ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே மனச்சோர்வுக்குப் புழக்கத்தில் இருக்கும் மருந்து அது, குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் தருவார்கள். வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது என்று அவர் சர்க்கரையைத் திட்டிக்கொண்டிருந்தாரே, அவ்விரண்டும் இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள். யாரும் அவரிடம் பெயரைச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

"அத்தை, இது நான் சாப்பிடுற வகை மாத்திரைதான்" என்றேன்.

அட்டையை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது கால் எரிச்சல் மாத்திரைம்மா" என்றார். சிறிது நேரம் கழித்து, "அப்ப இந்த வாய் காயறது இதனாலதானா? அடுத்த தடவை டாக்டர்கிட்ட நீயே கேளு, எனக்கு இந்தப் பேரு வாயில நுழையாது" என்று சொல்லி, அட்டையை என் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.