விட்டுத் தொலைக்க விடுங்கய்யா

நேற்று ராத்திரி ஒரு செயலியை விட்டு விலக எனக்கு 53 நிமிடம் ஆனது. வீட்டிலேயே உடற்பயிற்சி சொல்லித்தரும் செயலி. பெயரெல்லாம் வேண்டாம், உங்கள் போனிலும் இதே மாதிரி ஒன்று உட்கார்ந்து மாதாமாதம் பணம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். சேரும்போது ஒரே ஒரு தட்டு. விரல் பட்டது, பணம் போனது, அவ்வளவுதான். முட்டி வலிக்கிறது, குதிக்கிற பயிற்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சந்தாவை நிறுத்தலாம் என்று நினைத்தேன். அது ஒரு குற்றமா?

முதலில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. 'சந்தா' பகுதியில் இல்லை, அங்கே இன்னும் விலை கூடின திட்டத்துக்கு மாற மட்டும்தான் வழி. 'கணக்கு' பகுதியிலும் இல்லை. 'உதவி'க்குள் போய், அதற்குள்ளே கேள்வி பதிலுக்குள் போய், ஏழாவது பதிலின் கடைசி வரியில், வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருந்தது. தொட்டேன். திரை முழுக்கச் சிவப்பு. 'உங்கள் 47 நாள் தொடர்ச்சியை இழக்கப் போகிறீர்கள்!' பக்கத்தில் ஒரு பொம்மை அழுகிறது.

இந்த வரியை யாரோ போகிற போக்கில் எழுதிவிடவில்லை. ஒன்று கிடைக்கிற சந்தோஷத்தைவிட அதே ஒன்று கைவிட்டுப் போகிற வலி பெரிது என்று 1979-ல் டேனியல் கானமன், ஆமாஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் எழுதினார்கள். பிற்பாடு அளந்து பார்த்ததில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வலி என்று வந்தது. மனுஷன் எப்படி முடிவெடுக்கிறான் என்று புரிந்துகொள்ள இரண்டு பேர் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள், அதைக் கொண்டுபோய் ஒரு அழுகிற பொம்மைக்குள் அடைத்து என் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

சரி, அடுத்த திரை. மேலே தடிமனாக, பச்சையாக 'தொடர்கிறேன்'. கீழே சின்னதாக 'வேண்டாம், என் உடம்பைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை'. உடம்பைப் பற்றிய அக்கறையில்தானே நான் நிறுத்தவே வந்தேன்! அந்தப் பொய்யை நானே என் விரலால் அழுத்தினால்தான் அடுத்த திரை வரும். அழுத்தினேன். பாதி விலைக்குத் தருகிறோம், இன்னும் 10 நிமிடம்தான் என்று கடிகாரம் ஓடியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பூஜ்ஜியத்தைத் தொட்ட கடிகாரம் மறுபடி 10-லிருந்து ஆரம்பித்து ஓடுகிறது. அப்புறம் ஏன் போகிறீர்கள் என்று கேள்வி. ஏழு காரணம் கொடுத்திருந்தார்கள், உடம்புக்கு முடியவில்லை என்பது அதில் இல்லை. 'மற்றவை' என்று போட்டால் குறைந்தது 50 எழுத்தாவது எழுத வேண்டுமாம். எழுதினேன். அடுத்த திரையில் பொத்தான்களை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். இதுவரை 'ரத்து' இருந்த இடத்தில் இப்போது 'மூன்று மாதம் நிறுத்தி வை'. பழக்கத்தில் கட்டைவிரல் அதிலேயே விழுந்தது. மறுபடி முதலிலிருந்து, அதே அழுகிற பொம்மை, அதே 50 எழுத்து.

கடைசியில் என்ன சொல்கிறது தெரியுமா? 'ரத்து செய்ய எங்களை அழையுங்கள்.' 22 நிமிடம் பாட்டுக் கேட்டேன். எடுத்த பையன் அதே பாதி விலையை மூன்று தடவை சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, எத்தனை பேரைப் போகவிடாமல் தடுத்தாய் என்று அவனிடம் கணக்குக் கேட்பார்களாக இருக்கும்.

எனக்கு வயிறெரியக் காரணம் இருக்கிறது. என் பிழைப்பே படிவங்களை எளிதாக்குவதுதான். மனுஷன் எப்படி முடிவெடுக்கிறான் என்று ஆராய்கிற இந்த நடத்தை அறிவியலை நம்பித்தான் இந்த வேலைக்கே வந்தேன். இந்தத் துறை அறிஞர்களான ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் ஒரு காரியம் செய்தார்கள். இன்றைக்குச் சேமி என்றால் யாரும் சேமிப்பதில்லை, அடுத்த சம்பள உயர்வு வரும்போது சேமிப்பையும் கூட்டிக்கொள்கிறாயா என்று இப்போதே கேட்டு வைத்தார்கள். முதன்முதலில் இதைச் செய்துபார்த்த நிறுவனத்தில் அதற்குச் சம்மதித்தவர்கள் சம்பளத்தில் 3.5 சதவீதம் சேமித்துக்கொண்டிருந்தவர்கள், 40 மாதத்தில் 13.6 சதவீதத்துக்குப் போனார்கள். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அந்த வாசல் திறந்தே இருந்தது, அதனால்தான் அது நல்ல காரியம். மனுஷனின் சோம்பலை அவனுக்கே உபகாரமாகத் திருப்பிவிட்டார்கள். இப்போது அதே சோம்பலை வைத்து அவன் பையில் கையை விடுகிறார்கள். இப்படி மனுஷனைச் சிக்கவைக்கிற தந்திரத்துக்கு 'ஸ்லட்ஜ்', அதாவது சேறு, என்று பெயர் சொல்லி 2018-ல் தேலரே கண்டித்து எழுதினார். ஆனாலும் கூட்டத்தில் உட்கார்ந்தால் 'வெளியேறுகிற இடத்தில் கொஞ்சம் உராய்வு சேர்ப்போம்' என்று யாராவது கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். உராய்வாம்! நேராகச் சொல்லுங்கள், கதவைப் பூட்டுவோம் என்று.

முடியாத காரியமும் இல்லை. ஜெர்மனியில் 2022 ஜூலையிலிருந்து, இணையத்தில் சந்தா விற்றால் ரத்துப் பொத்தானையும் அங்கேயே கண்ணில் படுகிற மாதிரி வைக்கவேண்டும் என்று சட்டம். ஒரு தட்டில் சேர்க்கத் தெரிந்தவனுக்கு ஒரு தட்டில் விடத் தெரியாதா?

போனை வைத்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. முட்டி விண் விண்ணென்று தெறிக்கிறது, வலி மாத்திரை போடலாம் என்று அட்டையை எடுத்தால் காலாவதித் தேதி அச்சடித்த மூலையை முன்னமே யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஏனய்யா, பத்து மாத்திரை இருக்கிற அட்டையில் அந்தத் தேதியை ஒரே ஒரு மூலையில்தான் அடிப்பீர்களா? ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் அடித்தால் என்ன குறைந்துவிடும்?